பலெர்மோவில் தனியாக இறங்குகிறவருக்கு

சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவுக்கு 1980களிலிருந்தே ஈழத் தமிழர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் வீட்டு வேலைக்கும் முதியவர்களைப் பராமரிக்கும் வேலைக்கும் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இங்கேயே பிறந்து, படித்து, வளர்ந்துவிட்டார்கள். இந்த ஊருக்குத் தமிழ் முகம் புதிதல்ல. ஆனாலும் ஒரு பெட்டியோடு தனியாக வந்து இறங்குகிறவருக்கு எல்லாமே புதிதுதான்.

இரண்டு பேரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஒருவர், ஒரு வீட்டோடு தங்கி முதியவரைப் பார்த்துக்கொள்ள வருகிறவர். மற்றவர், பல்கலைக்கழகத்தில் படிக்க வருகிற மாணவர். முதலாமவரைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். மாணவருக்கு வகுப்பறையாவது இருக்கிறது. வீட்டோடு தங்குகிறவருக்கு நாலு சுவரும் ஒரு நோயாளியும்தான்.

வருகிறவர்கள் பலர் முதலில் தமிழ்ச் சாப்பாட்டையும் தமிழ் அறையையும் தேடிக்கொண்டு, கடதாசி வேலையை யாரோ ஒரு தெரிந்தவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இந்த வரிசையை மாற்றவேண்டும் என்பது என் எண்ணம். உங்கள் கடதாசிகள் உங்கள் கையில் இருக்கட்டும். அடுத்தபடியாக, ஒரே ஒரு தெருவில் நாலு பேருக்குத் தெரிந்தவராகுங்கள். மற்றதெல்லாம் இவற்றுக்குப் பிறகு.

ஊரை விட்டுப் புறப்படுமுன்: பெயர்

நம்மவர்களுக்கு இத்தாலியில் முதல் தடங்கல் பெயரில்தான் வருகிறது. இங்கே எந்தப் படிவத்திலும் இரண்டு கட்டங்கள் இருக்கும்: பெயருக்கு ஒன்று, குடும்பப் பெயருக்கு ஒன்று. நம்மில் பலருடைய இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாகக் கிடக்கும். இலங்கையரில் பலருக்குத் தந்தையின் பெயரே குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கும். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், பள்ளிச் சான்றிதழில் வேறொன்று.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இத்தாலியில் ஒவ்வொருவருக்கும் கோதிச்சே ஃபிஸ்காலே என்ற 16 இடங்கள் கொண்ட வரிக் குறியீடு தருகிறார்கள். அது குருட்டுத்தனமாகக் கொடுக்கிற எண் அல்ல. முதல் மூன்று எழுத்துகள் குடும்பப் பெயரிலிருந்து, அடுத்த மூன்று உங்கள் பெயரிலிருந்து, பிறகு பிறந்த ஆண்டு, மாதம், நாள். பெண்களுக்கு நாளோடு 40 கூட்டிப் போடுவார்கள். அதன்பின் பிறந்த நாடு: இந்தியாவுக்கு இசட் 222, இலங்கைக்கு இசட் 209. ஆகவே ஓர் அலுவலகத்தில் பெயரும் குடும்பப் பெயரும் இடம் மாறினால் குறியீடே வேறாகிவிடும். பிறகு வங்கி ஒரு மனிதரையும், மருத்துவ அட்டை இன்னொரு மனிதரையும் காட்டும். விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே கடவுச்சீட்டில் இரண்டு இடங்களையும் நிரப்பி, மற்றச் சான்றிதழ்களையும் அதற்கு ஒத்துப்போகச் செய்துகொள்ளுங்கள்.

பிறப்பு, திருமண, கல்விச் சான்றிதழ்களுக்கு வேண்டிய அரசுச் சான்றொப்பத்தையும் இத்தாலிய மொழிபெயர்ப்பையும் ஊரிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள். இங்கே வந்தபின் ஒரு முத்திரைக்காக ரோம் நகரத் தூதரகத்துக்கு ஓடவேண்டியிருக்கும். இரவுக் கப்பலும் ரயிலும் விடுப்பும் சேர்ந்து அதற்கு ஒரு வாரச் சம்பளம் போய்விடும்.

வேலைக்காக வருகிறவர் இதையும் தெரிந்துகொள்ளவேண்டும். ஒவ்வோர் ஆண்டும் இத்தனை பேர் என்று அரசு அறிவிக்கும் ஒதுக்கீட்டின் கீழ், உங்களை வேலைக்கு வைக்கப்போகும் முதலாளிதான் விண்ணப்பிக்கிறார். அந்த விண்ணப்பத்துக்கு அரசு கேட்பது ஒரு 16 யூரோ முத்திரை. யாராவது வேலைக் கடிதத்துக்கு ஆயிரக்கணக்கில் யூரோ கேட்டால் அந்தப் பணம் இத்தாலிய அரசுக்குப் போகவில்லை. காணியை ஈடு வைத்து அதைக் கொடுக்கிறவர், இங்கே வந்தபின் எந்த அநியாயத்துக்கும் தலையாட்டவேண்டிய நிலைக்கு ஆளாகிறார். கொடுக்காதீர்கள்.

முதல் எட்டு நாட்கள்

விமான நிலையம் நகருக்கு மேற்கே சுமார் 35 கிலோமீட்டரில், பூந்தா ராய்சி கடற்கரையில் இருக்கிறது. 1992இல் மாஃபியா கொன்ற ஃபல்கோனே, போர்செல்லீனோ என்ற இரண்டு நீதிபதிகளின் பெயரைத் தாங்கியது. அங்கிருந்து மத்திய ரயில் நிலையத்துக்குப் பேருந்தும் ரயிலும் உண்டு. டாக்சி தேவையில்லை.

இறங்கிய 8 வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கவேண்டும் என்பது சட்டம். பெர்மெஸ்ஸோ தி சொஜ்ஜோர்னோ என்பது முழுப் பெயர். வாயில் புழங்குவது சொஜோர்னோ. வேலைக்கு வந்தவர் முதலில் முதலாளியோடு சேர்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, முதலாளி அதை மாவட்ட நிர்வாகமான பிரெஃபெத்தூராவின் குடியேற்றப் பிரிவுக்கு அனுப்பவேண்டும். மாணவர் நேரே தபால் நிலையத்துக்குப் போகலாம். எல்லாத் தபால் நிலையத்திலும் இந்த வேலை நடக்காது. 'ஸ்போர்தெல்லோ அமீகோ' என்ற பலகை உள்ளதைத் தேடுங்கள். அங்கே ஒரு படிவ உறை இலவசமாகக் கிடைக்கும். அதை நிரப்பி, கடவுச்சீட்டின் நகல்களை வைத்து, தபாக்கி என்ற புகையிலைக் கடையில் வாங்கிய 16 யூரோ முத்திரையை ஒட்டிக் கொடுக்கவேண்டும். அட்டைக் கட்டணமும் தபால் கட்டணமும் சேர்ந்தால் செலவு 100 யூரோவைத் தாண்டும். அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.

படிவத்தை நிரப்பத் தெரியாவிட்டால் பத்ரொனாத்தோவுக்குப் போங்கள். தொழிற்சங்கங்களும் கத்தோலிக்கத் தொழிலாளர் அமைப்பும் நடத்தும் உதவி அலுவலகங்கள் இவை. இன்கா, இனாஸ், அக்லி என்ற பெயர்களில் நகரெங்கும் இருக்கின்றன. ஒரு தெரிந்த அண்ணன் 50 யூரோ வாங்கிக்கொண்டு செய்வதை இவர்கள் இலவசமாகச் செய்கிறார்கள், பொறுப்போடும் செய்கிறார்கள்.

தபால் நிலையம் தரும் ரசீதுதான் அட்டை வரும்வரை உங்கள் உயிர். குவெஸ்தூரா என்ற காவல் தலைமையகத்தில் கைரேகை கொடுக்கவேண்டிய தேதியும் அப்போதே தெரியும். அந்தத் தேதியைத் தவறவிடவே கூடாது. கையில் ரசீது மட்டும் இருக்கும் காலத்தில் அவசரமாக ஊருக்குப் போக நேர்ந்தால், பிராங்பர்ட், பாரிஸ் போன்ற வேறு ஷெங்கன் நகரங்கள் வழியாகப் பயணச்சீட்டு எடுக்காதீர்கள். ரோம் அல்லது மிலானிலிருந்து தோஹா, துபாய் வழியாகப் போகும் விமானமாக எடுங்கள். இது தெரியாமல் மலிவான சீட்டு வாங்குகிறவர்கள் வழியிலேயே நிறுத்தப்படலாம்.

அறை

ரயில் நிலையத்துக்கும் பல்லரோச் சந்தைக்கும் இடைப்பட்ட அல்பெர்கேரியா பகுதியிலும், வியா மக்வேதா என்ற நீண்ட தெருவின் ஓரங்களிலும் பழைய வீடுகளில் அறைகள் கிடைக்கும். எந்த அறையானாலும் முதலில் கேட்கவேண்டியது ஒன்று: ஒப்பந்தம் பதிவு செய்யப்படுமா? வீட்டுக்காரர் அதை வரி அலுவலகத்தில் 30 நாட்களுக்குள் பதியவேண்டும். வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் துறைக்கு எழுத்தில் அறிவிக்கவும் வேண்டும். "கடதாசி எதுவும் வேண்டாம், வாடகையைக் குறைத்துத் தருகிறேன்" என்பவரிடம் போனால் நகராட்சியில் குடியிருப்பைப் பதிய முடியாது. அந்தப் பதிவு இல்லாமல் அடையாள அட்டை இல்லை. குடியுரிமைக்கான ஆண்டுக் கணக்கும் தொடங்காது.

குழாயைத் திறந்து பாருங்கள். பலெர்மோவில் தண்ணீர் முறைவைத்து வருவது புதிதல்ல. 2024 வறட்சியிலும் அப்படித்தான் விட்டார்கள். மொட்டைமாடியில் தொட்டியும் மோட்டாரும் உள்ள கட்டடம்தானா என்று கேளுங்கள். சென்னைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மின்சாரம் வேறு கதை: இங்கே சாதாரண வீட்டு இணைப்பு 3 கிலோவாட்தான். சூடாக்கியும் மின் அடுப்பும் வெந்நீர்க் கொதிகலனும் ஒரே நேரத்தில் ஓடினால் மீட்டர் தானாக அணைந்துவிடும். சிசிலி வெயில் நாடு என்று நம்பிக் கம்பளி இல்லாமல் வராதீர்கள். ஜனவரியில் தெருவைவிட வீட்டுக்குள்தான் குளிர் அதிகம், கல் தரை அப்படி.

வேலை, சம்பளம், வியாழக்கிழமை

முதியவரைப் பராமரிக்கிறவரைப் பதாந்தே என்கிறார்கள். இந்த வேலைக்கு நாடு முழுவதற்கும் பொதுவான கூட்டு ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள முக்கியமான விதிகளை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

தானாக நடமாடக்கூடிய முதியவர் என்றால் உங்கள் நிலை 'பி சூப்பர்'. படுக்கையில் இருப்பவர், தானாக இயங்க முடியாதவர் என்றால் 'சி சூப்பர்'. அதற்குச் சம்பளம் கூட. ஒப்பந்தத்தில் எந்த நிலை எழுதியிருக்கிறது என்று பார்த்தபின் கையெழுத்திடுங்கள். வீட்டோடு தங்குகிறவருக்கு வாரத்துக்கு அதிகபட்சம் 54 மணி நேரம் வேலை, நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு தரவேண்டும். இரவெல்லாம் எழுந்து பார்க்கவேண்டிய நோயாளி என்றால் அதற்குத் தனி ஏற்பாடும் தனிச் சம்பளமும் உண்டு. ஞாயிறு முழு நாளும், வாரத்தில் இன்னொரு நாளில் பாதியும் உங்களுடையவை. அந்தப் பாதி நாள் வழக்கமாக வியாழன் பிற்பகலாக இருக்கும். ஆண்டுக்கு 26 வேலை நாட்கள் விடுப்பு, டிசம்பரில் பதின்மூன்றாவது மாதச் சம்பளம், வேலை முடியும்போது சேவைத் தொகை.

வியாழக்கிழமையை விட்டுக்கொடுக்காதீர்கள். "இந்த வாரம் மட்டும் இருந்துவிடு" என்று அன்பாகவே கேட்பார்கள். நமக்கும் மறுக்க வாய் வராது. ஆனால் சிறையில்லாத சிறை அப்படித்தான் உருவாகிறது: ஒரு வாரம், பிறகு இன்னொரு வாரம், பிறகு வெளியே போவதற்கே ஒரு தயக்கம். நீங்கள் பார்த்துக்கொள்ளும் அம்மாவைச் சொந்தப் பாட்டியைப்போலக் கவனித்துக்கொள்ளுங்கள், அது உங்கள் மனத்துக்கும் நல்லது. ஆனால் மூன்று மணிக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

சம்பளச் சீட்டு, பூஸ்தா பாகா, மாதாமாதம் கையில் வரவேண்டும். முதலாளி இன்ப்ஸ் என்ற ஓய்வூதிய அமைப்புக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம் கட்டவேண்டும். சொஜோர்னோவைப் புதுப்பிக்கும்போது அந்தக் கணக்கைத்தான் பார்ப்பார்கள். கட்டியிருக்கிறாரா என்று பத்ரொனாத்தோவில் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பார்க்கச் சொல்லுங்கள். முதலாளியின் பங்கையும் உங்கள் சம்பளத்தில் பிடிப்பது சட்டவிரோதம். கடவுச்சீட்டை வாங்கி அலமாரியில் பூட்டுவதும் அப்படியே.

இந்த வேலையில் யாரும் முன்கூட்டிப் பேச விரும்பாத ஒன்று இருக்கிறது. நீங்கள் பார்த்துக்கொள்ளும் முதியவர் ஒருநாள் இறந்துபோவார். அன்றே உங்கள் வேலையும் வீடும் சேர்ந்து போகும். துக்கத்தோடு பெட்டியையும் தூக்கவேண்டிவரும். ஐந்து ஆண்டுகளுக்கு உட்பட்ட சேவை என்றால் முழு நேர வேலையில் 15 நாள் அறிவிப்புதான், அதற்கு மேல் 30 நாள். ஆகவே வேலையில் இருக்கும்போதே, அவசரத்துக்குப் போய்த் தங்க ஓர் இடத்தைப் பேசி வையுங்கள். இரண்டு மாத வாடகையைத் தொடாமல் சேருங்கள். வேலை போனால் சொஜோர்னோவும் உடனே போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். வேலை தேடுவதற்காகக் குறைந்தது ஓராண்டு தங்க அனுமதி கேட்கலாம்.

பேச்சு

இரண்டு ஆண்டுகளில் ஏ2 நிலை இத்தாலியம் பேசவேண்டும் என்று முதல் அனுமதியின்போது கையெழுத்திடும் உடன்படிக்கை சொல்கிறது. நீண்டகால அனுமதிக்கும் அதே நிலை, குடியுரிமைக்கு பி1. சந்த் அந்தோனீனோ சதுக்கத்தில், பழைய மடம் ஒன்றில், பலெர்மோப் பல்கலைக்கழகம் வெளிநாட்டவருக்கான மொழிப் பள்ளியை நடத்துகிறது. இதாஸ்த்ரா என்பது அதன் பெயர். பெரியவர்களுக்கான அரசுப் பள்ளிகளும் உண்டு, சிப்பியா என்று கேளுங்கள். அல்பெர்கேரியாவில் சலேசியத் துறவிகளின் சந்தா கியாரா மையம் பல காலமாகப் புலம்பெயர்ந்தவர்களுக்குத் துணையாக இருந்துவருகிறது.

வகுப்பில் படிப்பது இத்தாலியம். நீங்கள் பார்த்துக்கொள்ளும் அம்மாவோ சிசிலிய மொழியில் கத்துவார். 'தலியா' என்றால் பார், 'திராசி' என்றால் உள்ளே வா, 'அக்கூரா' என்றால் கவனம், 'அமுனீ' என்றால் போகலாம். இந்த நாலு சொல்லும் முதல் வாரத்திலேயே வேண்டியிருக்கும். பெரியவர்களிடமும் அலுவலகத்திலும் மரியாதைப் பன்மைபோல 'லேய்' என்ற வடிவில் பேசவேண்டும். வா, போ என்று பேசும் வடிவை முதலில் கற்றுக்கொண்டு எல்லாரிடமும் அதையே பயன்படுத்துவது நம்மவர்களிடம் அடிக்கடி நடப்பது. அது உங்களை அறியாமலேயே கதவுகளை மூடும்.

சந்தையும் சமையலும்

பல்லரோவுக்குக் காலையில் போங்கள். அந்தப் பக்கத்துக் கடைகளில் கறிவேப்பிலை, தேங்காய், பருப்பு, அரிசி எல்லாம் உண்டு. ஆனால் நம் சாமான் கடையிலேயே நின்றுவிடாதீர்கள், ஊர்க் காய்கறிக்காரரிடமும் வாங்குங்கள். கோடையில் அவர் 'தெனெரூமி' என்று கட்டுக்கட்டாக விற்பது, நீளமான சுரைக்காயின் இளங்கொழுந்து. சுரைக்காயும் கூடவே இருக்கும். அவர்கள் நூடுல்ஸ் துண்டுகளோடு சூப்பாகக் காய்ச்சுவார்கள். நீங்கள் பருப்புப் போட்டுக் கடையலாம். மத்தி மீன் மலிவு. தெருவில் ரொட்டிக்குள் வைத்துத் தரும் பனெல்லே, கடலை மாவில் செய்த பொரியல்தான். சைவர் தயங்காமல் சாப்பிடலாம்.

பிற்பகல் ஒரு மணிக்குமேல் பல கடைகள் மூடி நாலு மணிவாக்கில்தான் திறக்கும். அரசு அலுவலக வேலைகளைக் காலையிலேயே முடியுங்கள். ஆகஸ்ட் 15ஐ ஒட்டி ஊரே கடற்கரைக்குப் போய்விடும், அதற்குமுன் மருந்து வாங்கி வையுங்கள். பேருந்துச் சீட்டைத் தபாக்கியில் வாங்கி, ஏறியவுடன் இயந்திரத்தில் பதியவேண்டும். பதியாத சீட்டுக்கும் அபராதம்தான்.

தனிமை

தனிமைக்கு மருந்து பெரிய நட்புகளில் இல்லை என்று நினைக்கிறேன். ஒரே காப்பிக் கடைக்கு ஒரே நேரத்தில் போங்கள். உள்ளே நுழையும்போது உரக்கப் 'பொன்ஜோர்னோ' சொல்லுங்கள். சொல்லாமல் நுழைவது இங்கே மரியாதைக் குறைவு. கட்டடத்தின் வாயிற்காவலர் அந்தத் தெருவில் நடக்கும் எல்லாவற்றையும் அறிந்தவர். அவருக்கு உங்கள் பெயர் தெரிந்திருக்கட்டும். இரண்டு நாள் உங்களைக் காணாவிட்டால் "எங்கே அந்தப் பிள்ளை?" என்று கேட்க ஊரில் ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்குப் பேசும் நேரத்தைத் திட்டமாக வையுங்கள். கோடையில் ஊர் மூன்றரை மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் நாலரை. இரவு பன்னிரண்டுக்குப் படுக்கையில் கிடந்து பேசினால் அங்கே அம்மா விடியலில் எழுந்து உட்கார்ந்திருப்பார், நீங்களும் தூங்கமாட்டீர்கள். மாதம் எவ்வளவு அனுப்ப முடியும் என்பதை முதல் மாதமே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்குப் போங்கள். சுமார் 600 மீட்டர் உயர மலை. பொலித்தேயாமா சதுக்கத்திலிருந்து 812 எண் பேருந்து போகும். நடந்தே ஏறும் பழைய கற்பாதையும் உண்டு. மேலே குகைக்குள் சந்தா ரொசாலியாவின் ஆலயம். 1624இல் கொள்ளைநோய் ஊரைத் தின்றபோது அவருடைய எலும்புகளை இந்த மலையில் கண்டெடுத்து, நகர் வழியே எடுத்துச் சென்றபின் நோய் நின்றது என்பது பலெர்மோ மக்களின் நம்பிக்கை. இந்த மலைக்கு மிகுந்த பக்தியோடு ஏறிவருகிறவர்களில் தமிழர்களும் இருக்கிறார்கள், கத்தோலிக்கர்களோடு இந்துக்களும். நீங்கள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், எந்தச் சமயமும் இல்லாதவராக இருந்தாலும், உங்களுக்கு வேலை சொல்லக்கூடிய அக்காவையும் அறை தெரிந்த அண்ணனையும் அங்கே காணலாம். ஜூலை 14 இரவு நகரமே தெருவில் நிற்கும் திருவிழா. செப்டம்பர் 3, 4இல் ஊரார் மலை ஏறுவார்கள். அவர்களோடு ஒருமுறை ஏறுங்கள்.

உடம்பு

வேலை அனுமதி உள்ளவர் அரசு மருத்துவத் திட்டத்தில் இலவசமாகப் பதியலாம். மாணவர் ஆண்டுக்கு 700 யூரோ கட்டவேண்டும். பதிந்தவுடன் ஒரு குடும்ப மருத்துவரைத் தேர்ந்தெடுங்கள். காய்ச்சல் வந்தபின் தேடாதீர்கள். அனுமதி இல்லாமல் இருப்பவருக்கும் எஸ்.டி.பி. என்ற ஆறு மாதக் குறியீடு உண்டு. அதைக்கொண்டு அவசரச் சிகிச்சையும் அத்தியாவசியச் சிகிச்சையும் பெறலாம். மருத்துவமனை காவல் துறைக்குச் சொல்லாது. சட்டமே அதைத் தடுக்கிறது. பயந்து வீட்டில் கிடக்கவேண்டாம்.

உறக்கம் கெட்டு, அழுகை நிற்காமல், எழுந்திருக்கவே மனமில்லாமல் வாரங்கள் போனால் அதுவும் உடம்புக்கு வந்த நோய்தான். குடும்ப மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எந்த ஆபத்துக்கும் 112ஐ அழையுங்கள். வீட்டுக்குள் அடியோ தொல்லையோ நேரும் பெண்களுக்கு 1522. அடைத்துவைத்து வேலை வாங்கினால் 800 290 290. மூன்றும் இலவசம், இரவிலும் எடுப்பார்கள். இந்த எண்களைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் ஒரு தாளில் எழுதிக் கடவுச்சீட்டு உறைக்குள் வையுங்கள். கைபேசியைத்தான் முதலில் பறிப்பார்கள்.